தினமும் நடந்தவர் பந்தியிலிருந்து ஏன் எழ முடியவில்லை?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வருஷா வருஷம் வைகாசி முதல் நாள் நடக்கும், அதாவது அக்னி நட்சத்திரத்தின் நட்ட நடுவில். 2024 திருவிழாவுக்கு அக்கா, மாமா, நான் மூவரும் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறினோம். கூட்டத்தில் நின்று அம்மன் சிரசு (தலை) ஊர்வலம் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கூடத்தில் பாய் விரித்துப் பந்தி. சாப்பிட்டு முடித்து வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள், மாமா மட்டும் எழவில்லை.

நான் எதிர்வரிசையில் இருந்ததால் முழுசாகப் பார்த்தேன். சாப்பிட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையை மட்டும் ஊன்றி எழப் பார்த்தார். இடுப்பு ஒரு சாண் மேலே வந்து, திரும்ப உட்கார்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, ஏற்கெனவே மடித்த இலையை மறுபடியும் மடிக்கிற மாதிரி பாவனை செய்தார். அப்புறம் ஒருக்களித்து, முட்டி போட்டு, பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் தோளைப் பிடித்து ஒருவழியாக நின்றார். கை கழுவ இரண்டு எட்டு வைத்தவர், "மச்சான், கண்ணு இருட்டிக்கினு வருதுடா" என்றார். நான் எழுந்து போவதற்குள் வாசற்படி ஓரம் சரிந்துவிட்டார். இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

இவர் சோம்பேறியாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆறு வருஷமாக, மழை நாள் தவிர, தினமும் காலையில் 45 நிமிஷம் கோட்டைப் பக்கம் நடக்கிறவர். "வாக்கிங் போகாத நாள் எனக்கு நாளே இல்ல" என்று சொந்தத்தில் எல்லாரிடமும் சொல்லுவார். அப்படிப்பட்டவர் தரையிலிருந்து எழ முடியாமல் போனது எப்படி என்று ஒரு வருஷம் நோட்டுப் போட்டுப் பார்த்தோம். அந்த நோட்டில் இருப்பதுதான் இது.

ஆள் யார், நான் யார்

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அப்போது வயது 58. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை நாற்காலி, போக வர பஸ்ஸில் உட்காருவது தனி. ஏழு வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை. நாலு வருஷமாகப் பிரஷர், அதற்கு நீர் மாத்திரை சேர்ந்த ஒரு கூட்டு மாத்திரை. உயரம் 166 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. பார்க்கப் பெரிய குண்டு இல்லை, ஆனால் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்தால் 98. நம் நாட்டு ஆண்களுக்கு 90ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, பெண்களுக்கு 80. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே என்கிற அந்த உடம்புதான் நம் ஊரில் ஐம்பதைத் தாண்டின பாதிப் பேருக்கு, நானும் உட்பட.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், வயது 52. என் தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பசங்களுக்குத் தண்டால், பஸ்கி என்று விசில் ஊதுகிற நான், மாமா விஷயத்தில் "நடக்கிறாரே, அது போதும்" என்று விட்டுவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் அவரை உதாரணமாகக்கூடக் காட்டியிருக்கிறேன்.

கை உடைந்த அன்று புத்தூர்க் கட்டுக்குப் போகலாம் என்று வீட்டில் நாலு பேர் சொன்னார்கள், எங்கள் பக்கம் எலும்பு உடைந்தால் முதலில் வாயில் வருவது அந்த ஊர்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எக்ஸ்ரே எடுத்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டோம். கட்டு போட்ட டாக்டர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது: நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே ஐம்பது வயசுக்கு மேல் எலும்பு முறிந்தால், எலும்பின் அடர்த்தியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பார்த்தோம். டி-ஸ்கோர் என்கிற அளவில் மைனஸ் 1.8. மைனஸ் ஒன்று வரை சரி, மைனஸ் இரண்டரைக்குப் போனால் எலும்புத் தேய்வு, இவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எலும்புத் தேய்வு என்றால் பொம்பளைங்க சமாச்சாரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

கண் இருட்டியது ஒரு கதை

எழ முடியாததும் கண் இருட்டியதும் ஒன்று என்று எல்லாரும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். "வெயில், மயக்கம், அவ்வளவுதான்." அவ்வளவுதான் இல்லை. இரண்டும் வேறு வேறு, அன்றைக்கு அடுத்தடுத்து வந்துவிட்டன.

மயக்கத்தை எடுத்துக்கொள்வோம். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று நாமே சொல்லிக்கொள்கிற ஊர். (சாமியில்லாத கோயில் என்பதும் அந்த வரிசையில் இருந்தது, எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981ல் கோட்டைக்குத் திரும்பின பிறகு அதை மட்டும் சொல்ல முடியாது.) மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் போவது இங்கே செய்தியே இல்லை. அந்த வெயிலில் நாலு மணி நேரம் கூட்டத்தில் நின்றவர் குடித்தது பஸ் ஏறும் முன் ஒரு டீ, நடுவில் பாதி டம்ளர் மோர். ஏன் என்று கேட்டேன். "கூட்டத்துல ஒண்ணுக்கு வந்தா எங்கடா போறது?" என்றார்.

இது அன்றைக்கு மட்டும் இல்லையாம். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வருஷமாகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார், பகலிலும் சேர்த்து. வயசு ஏற ஏறத் தாகம் மந்தமாகிவிடும், உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் அவ்வளவாகத் தாகம் எடுக்காது. மேலே நீர் மாத்திரை வேறு, உள்ளே இருக்கிற கொஞ்சத்தையும் வெளியே தள்ளும். இந்த நிலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு, ரத்தம் குடலுக்குப் போகிற நேரத்தில் தரையிலிருந்து சட்டென்று எழுந்தால் மூளைக்குப் போகிற ரத்தம் ஒரு நொடி தடுமாறும். கண் இருட்டும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் வேண்டாம். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கழித்து ஒரு தடவை பிரஷர் பார்த்து, எழுந்து நிற்கச் சொல்லி ஒன்றாவது நிமிஷமும் மூன்றாவது நிமிஷமும் பார்த்தால் போதும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம். மாமாவுக்கு உட்கார்ந்தபோது 134க்கு 82, நின்றபோது 108க்கு 70. அவர் வழக்கமாகப் போன கிளினிக்கில் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நிற்க வைத்துப் பார்த்ததில்லை, கையில் பட்டையைக் கட்டி "நார்மல்" என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள். அது எந்த கிளினிக் என்பது இங்கே தேவையில்லை, பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். புதிதாகப் பார்த்த டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார், ஏனென்றால் மாமா அன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கிப்போடத் தயாராக இருந்தார். ராத்திரி எழுந்திருக்கிற தொல்லைக்குத் தனியாக வைத்தியம் ஆனது. தண்ணீரைப் பகலிலேயே குடித்து முடித்துவிட்டு, சாயந்திரம் ஆறு மணி டீயை நிறுத்தினதில் மூன்று தடவை ஒன்றாகக் குறைந்தது.

எழ முடியாதது வேறு கதை

இதுதான் எனக்கு உறைத்த இடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லுகிற கணக்கில் மூன்று பாடம் இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் கொடுக்கிற பயிற்சி, 65ஐத் தாண்டினால் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும். மாமா வாரத்துக்கு 300 நிமிஷத்துக்கு மேலேயே நடந்தார். முதல் பாடத்தில் சென்டம், இரண்டாவதுக்கு ஆப்சென்ட், மூன்றாவதுக்கு இன்னும் வயசு வரவில்லை.

நடையால் இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது, அதில் சண்டையே இல்லை. ஆனால் சம தரையில் ஒரே வேகத்தில் நடந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பைத் தூக்குகிற தொடைத் தசைக்கும் புட்டத் தசைக்கும் பெரிய வேலை கிடைப்பதில்லை. முப்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைந்துகொண்டே இருக்கும், அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். உடம்பு எடை அப்படியே இருக்கும், ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். மாமாவின் பேன்ட் சைஸ் மாறவில்லை, உள்ளே சரக்கு மாறிவிட்டது.

எங்கள் தாத்தாவுக்கு இந்தப் பிரச்சினை வந்ததாக ஞாபகம் இல்லை. அவர் தரையில் சாப்பிட்டார், தரையில் படுத்தார், காலைக்கடனுக்குக் குந்தினார், மல்லாட்டை (வேர்க்கடலை) ஆய உட்கார்ந்தார், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவையாவது உட்கார்ந்து எழுந்திருப்பார், அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. மாமா வீட்டில் கல்யாண சீர் டைனிங் டேபிள் வந்தது, அப்புறம் கட்டில், 2016ல் வெஸ்டர்ன் டாய்லெட். ஒவ்வொன்றும் வசதிதான், குறை சொல்லவில்லை, மூட்டு வலிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மாமா கடைசியாக எப்போது தரையில் உட்கார்ந்து எழுந்தார் என்று கேட்டபோது அவராலும் சொல்ல முடியவில்லை, அக்காவாலும் முடியவில்லை.

கட்டு பிரித்து இரண்டு வாரம் கழித்து ஒரு சோதனை வைத்தேன். 17 அங்குல உயர நாற்காலி, கையை மார்பில் குறுக்கே மடக்கிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணையில் 60 முதல் 64 வயது ஆண்கள் 14க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. மாமாவுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. எட்டு எழுந்தார். எட்டாவதில் நாற்காலியே பின்னால் நகர்ந்தது. அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றபடி சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள், எட்டோடு நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

களி, வடை, முட்டை

சாப்பாட்டை ஒரு வாரம் அப்படியே எழுதினோம், எதையும் மாற்றாமல். நடை முடிந்ததும் ஆபீசர்ஸ் லைன் பக்கம் நண்பர்களோடு டீ, இரண்டு மசால் வடை. அவர் எடைக்கு 45 நிமிஷ நடையில் ஏறக்குறைய 200 கலோரி செலவாகும், அந்த டீயும் வடையும் அதை வட்டியோடு திருப்பிக் கட்டிவிடும். காலையில் நாலு இட்லி, மத்தியானம் டப்பாவில் சாதம், சாம்பார், ஒரு பொரியல். ராத்திரி இரண்டு உருண்டை கேவுரு (கேழ்வரகு) களி, ஏனென்றால் "சுகருக்கு நல்லதாம்".

கேவுரு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆடி மாசம் கூழ் ஊற்றாத தெரு எங்கள் பக்கம் கிடையாது. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிற தானியம் வேறு இல்லை, எலும்பு அடர்த்தி குறைந்தவருக்கு இதைவிட மலிவாக எதைச் சொல்ல முடியும்? ஆனால் அதே 100 கிராம் மாவில் 65 முதல் 70 கிராம் மாவுச்சத்து. நைசாக அரைத்த மாவைக் கிண்டி இரண்டு பெரிய உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நம்பமாட்டார் என்று தெரியும், அதனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவர் விரலிலேயே குத்திப் பார்த்தோம். இரண்டு உருண்டை, கருவாட்டுக் குழம்பு: 238. மறுநாள் ஒரு உருண்டை, ஒரு கிண்ணம் கீரைக் கடைசல், இரண்டு முட்டை: 176. அதற்கு மறுநாள் அதே சாப்பாடு, சாப்பிட்டதும் மொட்டை மாடியில் 15 நிமிஷம் நடை: 158. (தெருவில் நடக்கலாம்தான், ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தெரு நாய்கள் விடாது.) வேலை செய்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் சாப்பிட்ட கையோடு நடக்கிற கால் மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. மூன்று நாள் மூன்று எண், இது விஞ்ஞானம் ஆகாது, ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

நிஜமான ஓட்டை புரதம். எப்படிக் கூட்டினாலும் ஒரு நாளைக்கு 45 கிராமைத் தாண்டவில்லை. இந்த வயசுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்தால் அவருக்கு 74 வேண்டும். தசையைக் கட்டு என்று உடம்பிடம் சொல்லிவிட்டு செங்கல் கொடுக்காமல் இருந்தால் கொத்தனார் என்ன செய்வார்? சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்ட பிறகுதான் கூட்டினோம், சர்க்கரைக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை ஏழு. வடைக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், மத்தியானம் சாம்பார் தெளிவாக இல்லாமல் கெட்டிப் பருப்பாக, வாரத்தில் இரண்டு நாள் மீன். பவுடர் டப்பா எதுவும் வாங்கவில்லை. வாங்கலாமா என்று அக்கா பையன் கேட்டான், விலையைப் பார்த்து மாமாவே வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்தவில்லை. ஆம்பூர் இருக்கிற ஜில்லாவில் பிறந்துவிட்டு (இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம், நாக்கு 2019 பிரிவினையை ஏற்றுக்கொள்ளவில்லை) பிரியாணி சாப்பிடாதே என்று சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். சாதம் பாதி, கறி கூட, கத்தரிக்காய் தாராளமாக. கத்தரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயாக இருந்தால் இன்னும் விசேஷம், 2023ல் புவிசார் குறியீடு வாங்கின காய் அது.

என்ன செய்தோம்

வாரத்தில் செவ்வாய், வெள்ளி. 25 நிமிஷம். தினமும் போன நடை வாரத்துக்கு நாலு நாளாகக் குறைந்தது, அதற்கு அவர் ஒரு மாசம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, முதலில் ஐந்து ஐந்தாக மூன்று தடவை. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. மணிக்கட்டு சரியானதும் சுவரில் கை வைத்துத் தண்டால். இரண்டு கையிலும் துணிப்பையில் ஐந்து ஐந்து கிலோ அரிசி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது. பல் தேய்க்கும்போது, வாஷ்பேசினில் ஒரு விரல் வைத்தபடி, ஒற்றைக்காலில் நிற்பது. பத்துப் பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும், கூட்டாமல் அதையே வருஷக்கணக்கில் செய்தால் அதுவும் இன்னொரு கோட்டை வாக்கிங்தான்.

முக்கியமானது தரைப் பாடம். கட்டில் ஓரம் பாய் போட்டு, முதலில் கட்டிலைப் பிடித்து இறங்கி, பிடித்து எழுவது. அப்புறம் முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, அந்தத் தொடையில் இரண்டு கையையும் ஊன்றி எழுவது. மூன்றாவது வாரம் பிடிமானம் இல்லாமல் எழுந்தார், எழுந்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைத் திருப்பித் தேதி எழுதினார். "இந்த வயசுல தசை எங்கடா வளரப் போவுது" என்று ஆரம்பத்தில் கேட்டவருக்கு நான் சொன்னது பாஸ்டன் கதை. 1990ல் வெளியான ஒரு சிறு ஆய்வு, முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயசை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பலப் பயிற்சி, முடித்த ஒன்பது பேரின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. "தொண்ணூறா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பிறகு வயசைச் சாக்குச் சொல்லவில்லை, வேறு சாக்குகள் சொன்னார்: கம்பெனி ஆடிட், மழை, பேரன் ஜுரம்.

தூக்கம், வெற்றிலைப் பாக்கு பற்றியும் நோட்டில் பக்கம் இருக்கிறது. தூக்கம் தேறியது, ராத்திரி எழுந்திருப்பது குறைந்ததால். வெற்றிலை நின்றது, பாக்கு இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

திருவண்ணாமலைக் கொப்புளம்

எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. 2025 மாசிப் பௌர்ணமிக்கு, கால் பலம் வந்துவிட்ட தைரியத்தில், யாரிடமும் சொல்லாமல் கிரிவலம் போய்விட்டார். 14 கிலோமீட்டர், வெறுங்கால். மறுநாள் ராத்திரி அக்கா தற்செயலாகப் பார்த்தபோது வலது பாதத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து, பாயில் ஈரம். மாமாவுக்கு வலியே தெரியவில்லை. வலித்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டுப் பார்த்தார்கள், நாலு இடத்தில் உணர்ச்சி இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது, கூடவே பி12ம் குறைவு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வைட்டமின் குறையலாம், வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், இவருக்கு ஏழு வருஷத்தில் ஒரு தடவையும் பார்க்கவில்லை. புண் ஆற ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் நடை இல்லை, நாற்காலிப் பயிற்சி மட்டும்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1946ல் இந்த ஊருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகின்றன என்று காட்டினார். உணர்ச்சி இழந்த பாதத்துக்காக மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு இங்கே பழக்கத்துக்கு வந்தது. இன்று அதே எம்.சி.ஆர். செருப்பைச் சர்க்கரை நோயாளிகள் போடுகிறார்கள். மாமா முதலில் மறுத்தார், அது "அந்த நோய்க்காரங்க செருப்பு" என்று. இப்போது பின்பட்டை வைத்த கறுப்புச் செருப்பு போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார். ராத்திரி படுக்கும் முன் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார், அதைப் பார்க்கக் குந்த வேண்டியிருக்கிறது, குந்தவும் வருகிறது.

அடுத்த வைகாசி

பன்னிரண்டு மாசத்துக்குப் பிறகு எண்கள்: மூணு மாச சராசரிச் சர்க்கரை 7.8லிருந்து 6.9, சர்க்கரை மாத்திரை அதே அளவு. இடுப்பு 98லிருந்து 94. எடை ஒன்றரை கிலோதான் குறைந்தது, அது அவருக்கு ஏமாற்றம், எனக்கு இல்லை. நாற்காலி 8லிருந்து 15. நிற்கும்போது பிரஷர் இறங்குவது 26லிருந்து 8. எலும்பு அடர்த்தியை இன்னும் மறுபடி எடுக்கவில்லை, அது ஒரு வருஷத்தில் பெரிதாக மாறாது, அடுத்த வருஷம் எடுப்போம். ஒரே ஆளின் கணக்கு இது, மாத்திரை மாற்றம், சாப்பாடு, பயிற்சி மூன்றும் ஒன்றாக நடந்ததால் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் கணிப்பு, சர்க்கரைக்குச் சாப்பாடும் ராத்திரி நடையும், எழுந்து நிற்பதற்குச் செவ்வாய், வெள்ளியும்.

2025 வைகாசி ஒன்றாம் தேதி, அதே குடியாத்தம், அதே கூடம். இந்தத் தடவை கழுத்தில் துண்டு, கையில் ஒரு லிட்டர் பாட்டில், பாதி காலி. சாப்பிட்டு முடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, முட்டியில் இடது கையை ஊன்றி எழுந்தார். ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் கை கழுவப் போனார். யாரும் கைதட்டவில்லை, யாருக்கும் தெரியாது.

அடுத்தது பெண்கள் பந்தி. நான் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். மாமாதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா இலையை மூடிவிட்டு, ஒரு கையைத் தரையிலும் இன்னொரு கையைப் பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணின் முதுகிலும் வைத்து எழப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பு ஒரு சாண் மேலே வந்து, திரும்ப உட்கார்ந்தது.

அக்காவுக்கு 55. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம், எலும்பு வேகமாகக் கரைகிற காலம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற பெண் சர்க்கரை, பிரஷர் பார்த்து நார்மல் என்று குறித்துக்கொடுத்த அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள், தனக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஒரு வருஷம் மாமாவுக்கு முட்டை அவித்தவள், கடைசியில் உட்கார்ந்து, இருக்கிற சாதத்தில் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், முட்டை இரண்டும் மாமா தட்டில். அந்த நோட்டில் எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை.

"எனக்கு இன்னாடா, நாள் பூரா நின்னுக்கினுதானே இருக்கேன்" என்றாள். சத்துவாச்சாரி வந்ததும் அதே நாற்காலியைப் போட்டோம். 30 நொடி. இந்தத் தடவை எண்ணினது மாமா. ஏழு.

நோட்டில் பின்பக்கத்திலிருந்து புதுக் கணக்கு ஆரம்பித்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை முதல். மறுநாள் ராத்திரி மாமா நாலு முட்டை வாங்கிவந்தார்.